எட்டப்பன் ஒருவன்தானா?

பகைவன் படையோடு வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டால் நம்மில் யார் யார் என்ன செய்வோம்? எதிர்த்து நிற்பவர் எத்தனை பேர்? ஒதுங்கிக்கொள்பவர் எத்தனை பேர்? ஓடிச் சென்று மாலை போடுபவர் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சியில் நாடகமாக்கிப் பார்க்கும் வழக்கம் மேனாட்டாருக்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் இட்லர் வென்றிருந்தால் இங்கிலாந்து என்ன கோலத்தில் இருந்திருக்கும் என்று 1978இல் பி.பி.சி. ஒரு நாடகம் தந்தது. அதே கேள்வியை 2017இல் மற்றொரு தொடரில் மீண்டும் கேட்டது. அமெரிக்காவை ஜெர்மனியும் ஜப்பானும் பங்கு போட்டுக்கொண்டதாக வைத்துப் புனைந்த தொடர் 2015 முதல் 2019 வரை ஓடியது.

கால்வாய்த் தீவுகளைத் தவிர, பிரிட்டனின் எந்த ஊரிலும் ஜெர்மானியன் ஆட்சி நடந்ததில்லை. ஆகவே அவர்களுக்கு அது கற்பனை. நமக்கோ? அயலான் கொடி கோட்டையில் பறப்பதும், அவன் மொழியைக் கற்றவன் அதிகாரியாவதும், அவன் கேட்ட வரியை நம்மவன் தண்டிக் கொடுப்பதும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் நம் வீட்டுத் திண்ணையில் நடந்த வாழ்க்கை. அதற்கு மேலும் ஒன்றுண்டு. 1942 முதல் 1945 வரை மலாயாவில் இருந்த தமிழன், ஓர் ஆதிக்கத்தின் தோளின்மீது இன்னோர் ஆதிக்கம் ஏறி உட்கார்ந்ததைக் கண்டான். கண்டவர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை.

இவ்வளவு இருந்தும், ஆதிக்கக் காலத்து மனிதனைப் பற்றி நாம் பார்த்த நாடகம் எத்தகையது? அதில் உண்மை எவ்வளவு, ஒப்பனை எவ்வளவு? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்ளும் பொருள்.

முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். அதற்கு 1978ஆம் ஆண்டு நாடகமே உதவும். அதன் பெயர் ‘ஆன் இங்கிலிஷ்மன்ஸ் காசில்’ — ஓர் ஆங்கிலேயனின் கோட்டை என்று பொருள். எழுதியவர் பிலிப் மாக்கி, மூன்றே பகுதிகள். கென்னத் மோர் என்ற புகழ்பெற்ற நடிகர் பீட்டர் இங்ராம் என்ற பாத்திரத்தை ஏற்றார். அந்த இங்ராம் யார்? தளபதியா? ஒற்றனா? அமைச்சனா? இல்லை. தொலைக்காட்சிக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எழுத்தாளன். 1940இல் ஜெர்மானியர் படையெடுத்து வந்த காலத்து வீரத்தைத்தான் அவன் தொடராக எழுதுகிறான். ஆட்சியாளர் அதைத் தடுக்கவில்லை. பழைய வீரத்தை மக்கள் திரையில் கண்டு கண்ணீர் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கட்டும், தெருவில் இறங்காமல் இருந்தால் சரி என்பது அவர்கள் கணக்கு.

இங்ராமுக்கு வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, நாடெங்கும் பெயர் இருக்கிறது. அவன் யாரையும் கொன்றதில்லை. யாரையும் காட்டிக்கொடுத்ததாக அவனே எண்ணியதில்லை. மேலிடம் ஒரு பாத்திரத்தை மாற்றச் சொன்னால் மாற்றுவான். ஒரு சொல்லை அடிக்கச் சொன்னால் அடிப்பான். கடைசியில்தான், தன் தொடரையே எழுச்சிக்கு அடையாளக் குரலாக்கும் முடிவுக்கு அவன் வருகிறான். அந்த முடிவைவிட, முடிவுக்கு முந்தைய நெடிய அமைதிதான் நம்மைக் குத்துகிறது. பார்ப்பவன், ‘நான் இட்லரின் ஆள் அல்லன்’ என்று சொல்லிக்கொண்டு தப்ப முடிகிறது. ‘நான் இங்ராம் அல்லன்’ என்று சொல்ல நா எழுவதில்லை.

பிரெஞ்சு நாட்டார் 2009 முதல் 2017 வரை ஒளிபரப்பிய ‘ஒரு பிரெஞ்சு ஊர்’ என்ற நெடுந்தொடரும் இதே வழியில் சென்றது. தானியல் லார்ஷே என்ற மருத்துவர், ஊரைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நகர்த்தலைவர் பொறுப்பை ஏற்கிறார். ரொட்டி கிடைக்க வேண்டும், மருத்துவமனை நடக்க வேண்டும்; அதற்காக ஜெர்மானிய அதிகாரியோடு பேச வேண்டும். இன்று ஒரு கையெழுத்து, நாளை ஒரு பட்டியல். ஒவ்வொரு படியும் சிறியது. இறங்கிய பள்ளமோ பெரியது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடமே யூதர்களை அடைத்து வைக்கும் கொட்டடியாகும் காட்சியும் அத்தொடரில் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவரும் அக்காட்சியை எளிதில் மறக்க இயலாது.

ஆதிக்க நாடகத்தின் தரத்தை அளக்கும் கோல் இதுதான்: துணைபோகிறவனைப் பேயாகக் காட்டுகிறதா, மனிதனாகக் காட்டுகிறதா? அவன் கையெழுத்தால் யார் கழுத்து அறுபட்டது என்பதையும் உடன் காட்டுகிறதா?

இக்கோலை எடுத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவோம்.

தமிழில் துரோகத்துக்கு ஒரே பெயர்: எட்டப்பன். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1959இல் வந்த திரைப்படம் அந்தக் கதையைத் தமிழ்நாட்டின் கடைசிக் குடிசை வரை கொண்டு சென்றது. அன்று முதல் மேடையில் யாரை ஏசவேண்டுமானாலும் எட்டப்பன் என்று சொன்னால் போதும். கைதட்டல் நிச்சயம்! ஆனால் தோழர்களே, ஓர் எட்டப்பனை நம்பியா கும்பெனி இந்நாட்டை ஆண்டது? வெள்ளையனுக்கும் குடிமகனுக்கும் நடுவே நின்ற துபாஷிகள் எத்தனை பேர்! புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதில் விலைவாசி உண்டு, விருந்து உண்டு, பதவிப் போட்டி உண்டு, படையெடுப்பும் உண்டு. அயலான் ஆட்சி எப்படி ஓடுகிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த சான்று நம் மொழியில் குறைவு. அவரை யாரும் எட்டப்பன் என்று ஏசுவதில்லை. ஏசவேண்டும் என்று நாம் சொல்லவும் இல்லை. பழி முழுவதையும் ஒரு பெயரில் ஏற்றிவிட்டால் மற்ற கைகள் எல்லாம் தூய கைகளாகிவிடுகின்றன என்பதையே சொல்கிறோம்.

இந்த மனப்பழக்கம் நம் நாடகத்திலும் படத்திலும் ஊறிப்போயிருக்கிறது. இரண்டு சான்றுகள் பார்ப்போம்.

முதலாவது, ‘பர்மா ராணி’. 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட படம். டி. ஆர். சுந்தரம் இயக்கியது, ஜப்பானியத் தளபதியாக நடித்தவரும் அவரே. ஹொன்னப்ப பாகவதரும் கே. எல். வி. வசந்தாவும் முக்கிய நடிகர்கள். பின்னாளில் ‘மந்திரி குமாரி’ தந்து கலைஞரின் எழுதுகோலுக்குக் களம் அமைத்த அதே நிறுவனந்தான், போர்க்காலத்தில் இந்தப் படத்தையும் எடுத்தது. காரணம் கலையார்வம் மட்டுமன்று. படச்சுருள் தட்டுப்பாட்டுக் காலம். போர்முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கவேண்டும் என்று அரசு பட முதலாளிகளை நெருக்கிய காலம். ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவில் நம் விமானிகள் சிக்கிக்கொள்வதும், உள்ளூரார் துணையோடு தப்புவதும் கதை.

சென்னைக்கு அன்று ஜப்பானிய அச்சம் வெறும் கதையன்று. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதும், 6இல் விசாகப்பட்டினத்தின்மீதும், 9இல் திருகோணமலையின்மீதும் குண்டு விழுந்தது. அரசு அலுவலகங்கள் சென்னையை விட்டு உள்நாட்டுக்கு நகர்ந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு இரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர்ப்புறங்களுக்கு ஓடினர். ‘வந்துவிட்டால்?’ என்ற கேள்வி அன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. அந்தக் கேள்வியைப் படம் தொட்டதா? தொடவில்லை. ஜப்பானியன் கொடியவன், நம் விமானி வீரன், கணக்கு முடிந்தது. ஜப்பானியனுக்கு முன் பர்மாவைப் பிடித்து வைத்திருந்தவன் யார் என்ற கேள்வி எழ இடமே இல்லை. படம் எடுக்கச் சொல்லி நெருக்கியவன் அவன்தானே, எப்படி எழும்?

இரண்டாவது, ‘தி ஃபர்காட்டன் ஆர்மி’ — மறக்கப்பட்ட படை. கபீர் கான் இயக்கி, 2020 சனவரியில் அமேசான் பிரைம் வழியாக வெளிவந்த ஐந்து பகுதித் தொடர். இதே பொருளில் 1999இல் அவர் ஆவணப்படமும் எடுத்திருந்தார். சிங்கப்பூர் வீழ்ச்சியில் தொடங்கி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் தில்லியை நோக்கி நடந்த கதையைச் சொல்கிறது. சோதி என்ற இளம் அதிகாரி நாயகன். மாயா என்ற பெண் நாயகி. முதுமையில் சோதி பழையதை நினைத்துப் பார்ப்பதாகக் கதை அமைந்திருக்கிறது. பெண்கள் துப்பாக்கி ஏந்திய ஜான்சி ராணிப் படையை இந்தியத் தொடர் ஒன்று இவ்வளவு மதிப்போடு காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அப்படையில் அணிவகுத்த பெண்களில் மிகப் பலர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். கோயில் கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவள், அடுப்பங்கரையை விட்டு வெளிவரக்கூடாது என்று அடக்கப்பட்டவள், அணியில் நின்றாள். அந்த வரலாறு மறக்கப்படக்கூடாது.

ஆனால் நாடகம் என்ற அளவில் இத்தொடர் எங்கே நிற்கிறது? ஒரு சத்தியம் செய்தவன் இன்னொரு கொடியின்கீழ் போகலாமா என்ற அதிகாரியின் மனப்போராட்டம் அதில் உண்டு. அது மானத்தைப் பற்றிய போராட்டம், சீருடை அணிந்தவனின் போராட்டம். சீருடையும் இல்லாமல், துப்பாக்கியும் இல்லாமல், சம்பளப் புத்தகம் ஒன்றே சொத்தாக ரப்பர் மரத்தடியில் நின்றவனுக்கு வந்த போராட்டம் வேறு. அவன் இக்கதையின் நடுவே இல்லை. பர்மா ராணி வெள்ளையன் நெருக்கியதால் வந்தது; மறக்கப்பட்ட படை நாட்டுப்பற்றால் வந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிர்! ஆயினும் இரண்டிலும் கதையின் மையம் வீரனுக்கே உரியது. தோட்டத் தொழிலாளிக்கு ஓர் ஓரந்தான்.

அந்த ஓரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதன் பெயரும் சியோனான் என்று மாறியது. சீனரை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய உளவாளி ஒருவன் தலையசைக்க, தலையசைப்பு விழுந்தவனை லாரியில் ஏற்றிக் கொன்றார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்துரை சிறைக்கூடத்துக்குப் போனான். தோட்டத் தொழிலாளி பட்டினிக்குப் போனான். அரிசிக்குப் பதில் மரவள்ளி. கூலிக்கு வாழைமரம் அச்சிட்ட நோட்டு. 1945க்குப் பின் அந்த நோட்டு வெறும் தாள்.

அப்போது வந்தது சயாம் வேலை. பான்போங் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலையும் காடும் மழையும் நிறைந்த வழியில் ஒன்றரை ஆண்டுக்குள் முடித்தார்கள் என்றால் எத்தனை உடல்கள் வேண்டியிருந்திருக்கும்! நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ மதிப்பீடாகத்தான் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை மடிந்தனர் என்றும் சொல்வர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு ஆள் கிடைக்காதபோது பிடித்துச் சென்றார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. போர்க்கைதிக்கு உடன் வந்த மருத்துவன் இருந்தான், கட்டளையிட அதிகாரி இருந்தான், பெயர் குறிக்க ஏடு இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை குலையாமல் பெயரோடு நிற்கின்றன. தமிழனுக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. புத்தர் கோயில் ஒன்றில் மொத்தமாகப் புதைத்ததற்கு நினைவுச் சின்னம் உண்டு. அண்மை ஆண்டுகளில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் அங்கே நடுகல்லும் எழுந்திருக்கிறது.

உலகம் இப்பாதையை அறிந்தது 1957இல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்தால். அப்படத்தின் உயிரே பகைவனுக்குத் துணைபோதல்தான்! நிக்கல்சன் என்ற ஆங்கிலக் கர்னல், தன் படையினரின் ஒழுங்கைக் காப்பதாகத் தொடங்கி, பகைவனுக்கே சிறந்த பாலம் கட்டித் தருகிறான். துணைபோகிறவனின் மனத்தை அவ்வளவு கூர்மையாகக் காட்டிய படம் அரிது. ஆனால் அதில் பாலம் கட்டும் கைகள் வெள்ளைக் கைகள். மூலக்கதையை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை நாள்தோறும் கண்டவர். படம் எடுத்த இடமோ இலங்கை. தமிழனைக் கண்டவர் எழுதி, தமிழன் வாழும் தீவில் எடுத்த படத்தில், அப்பாதையில் மாண்ட தமிழனுக்கு இடமில்லை!

சரி, அந்தத் தொழிலாளியை லாரியில் ஏற்றியவன் யார்? ஜப்பானியச் சிப்பாய்க்குத் தோட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, தமிழும் தெரியாது. ‘இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை ஆள்’ என்று மேலிருந்து எண் வரும். அந்த எண்ணைப் பெயராக்கியவன் தோட்டத்துக் கிராணி; பெரட்டுக்களத்தில் பெயரைக் கூப்பிட்டவன் கங்காணி. வெள்ளைத்துரை காலத்தில் எந்த ஏட்டில் கூலி எழுதினார்களோ, அதே ஏட்டில் ஜப்பானியன் காலத்தில் பலி எழுதினார்கள். துரை மாறினான், ஏடு மாறவில்லை. யாரை அனுப்புவது, யாரை விடுவது என்பது அந்தச் சிறிய மேசையில் முடிவானதைப் பிழைத்து வந்தோர் சொல்லியிருக்கின்றனர். வேண்டாதவன் பெயர் முதலில் ஏறும். எதிர்த்துப் பேசியவன் பெயர் அடுத்து ஏறும். உறவுக்காரன் பெயர் விடுபடும். ஆள் குறைந்தால் தன் தலை போகும் என்ற அச்சமும் கிராணிக்கு இருந்தது. மறைக்கத் துணிந்தவனும் இருந்திருப்பான். மகிழ்ந்து எழுதியவனும் இருந்திருப்பான். அழுதுகொண்டே எழுதியவனும் இருந்திருப்பான்.

இவனைப் பற்றி அல்லவா நாடகம் வேண்டும்! இங்ராமின் தமிழ்ப் பெயர் இந்தக் கிராணி. இவனை எட்டப்பன் என்று ஒரே சொல்லில் ஏசிவிட்டால் நாடகம் அத்துடன் செத்துவிடும். பாவம், அவன் என்ன செய்வான் என்று விட்டுவிட்டால் லாரியில் ஏறியவனுக்கு நீதி செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே நின்று காண்பவனே கலைஞன்.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளியின் நிலையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாட்டு விடுதலை என்ற கனல் அவன் நெஞ்சில் மூண்டது உண்மை. கூலி என்று அழைக்கப்பட்டவனை வீரன் என்று அழைத்த முதல் குரல் அது. அந்தச் சீருடை சயாமுக்குப் போகாமல் தப்பவும் ஒரு வழி என்று எண்ணிச் சேர்ந்தவர்கள் இருந்ததும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளும் ஒரே மனிதனின் நெஞ்சில் குடியிருக்கலாம். தேசபக்தி நாடகங்கள் முதல் உண்மையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. வெள்ளைக்காரன் எழுதிய வரலாறு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு கூலிப்படை என்று இகழ்ந்தது.

மறுத்தவர்களும் இருந்தனர். கே. பி. கேசவமேனனை நம் தோழர்கள் அறிவர். 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர். போர்க்காலத்தில் சிங்கப்பூரில் இருந்தார். இந்திய சுதந்திரச் சங்கத்தில் பொறுப்பேற்றார். ஜப்பானியரின் நோக்கம் புரிந்தபோது விலகினார். அவர்களால் சிறையிலும் அடைக்கப்பட்டார். அந்தமானில் நடந்ததோ இன்னும் கொடியது. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி அங்கே கொடியேற்றினார். ஒரே மாதம் கழித்து, 1944 சனவரி 30இல், சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்த 44 பேரை ஒற்றர் என்று பழிசுமத்தி ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். கொடி நம்முடையது, துப்பாக்கி அவர்களுடையது. எது ஆண்டது என்று சொல்லவும் வேண்டுமோ!

இங்கே ஒரு கேள்வி எழும். ஏற்கெனவே அடிமைப்பட்ட நாட்டில் பகைவனுக்குத் துணைபோதல் என்றால் என்ன? எவன் பகைவன்? நம் இயக்கத்தை நோக்கி வீசப்பட்ட கேள்வி இது. பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி போர்முயற்சியை ஆதரித்தது. அதனால் வெள்ளையனின் அடிவருடிகள் என்று ஏசினர். 1942இல் இராஜாஜியும் ‘வெள்ளையனே வெளியேறு’ முழக்கத்தோடு நிற்கவில்லை. சோவியத் நாடு தாக்கப்பட்டபின் கம்யூனிஸ்டுகளும் மக்கள் போர் என்றனர். ஜப்பானியனோடு சென்றவர்களை ஒரு சாரார் தியாகிகள் என்றனர். மறு சாரார் ஐந்தாம்படை என்றனர். ஒரே காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு முத்திரை! கொடியை வைத்து மனிதனை அளந்தால் இக்குழப்பம் தீரவே தீராது.

பகுத்தறிவாளன் வேறொரு கோலை எடுக்க வேண்டும். எந்தக் கொடியின்கீழ் நின்றான் என்பதைவிட, தன் கைக்குள் அகப்பட்ட எளியவனை என்ன செய்தான் என்று கேட்க வேண்டும். காத்தானா, கணக்கில் எழுதிக் கொடுத்தானா? இந்தக் கோலால் நேதாஜியின் படையையும் அளக்கலாம். கும்பெனித் துபாஷியையும் அளக்கலாம். நம் இயக்கத்தையும் அளக்கலாம். அஞ்ச வேண்டியதில்லை. 1929இலும் 1954இலும் மலாயா சென்ற பெரியார், மானமும் அறிவும் மனிதனுக்கு அழகு என்ற கருத்தைத் தோட்டத் தமிழனிடம் கொண்டு சென்றவர். அந்தத் தமிழனை அளவுகோலாக வைப்பதால் நமக்குக் குறைவில்லை.

இதெல்லாம் கடல்கடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. 1989 வரை திருவண்ணாமலை அம்மாவட்டத்தின் பகுதி. கங்காணி ஊருக்கு வந்து தன் உறவினரையும் ஊராரையும் அழைத்துச் சென்றான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியே கப்பலேறினார்கள். நிலமில்லாதவன், தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை மறுக்கப்பட்டவன், கடனில் மூழ்கியவன் — இவர்களே சென்றார்கள். சயாமில் விழுந்த உடலின் முதல் அடி இந்த வட்டாரத்து ஊர்களிலும் எடுத்து வைக்கப்பட்டது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நாம் இதை எழுதும் வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 1942இல் ஜப்பானியன் சென்னையில் இறங்கி உள்நாட்டுக்கு வந்திருந்தால், ஊர் ஊராக ஆள் வேண்டும், நெல் வேண்டும், மாடு வேண்டும் என்று கட்டளை பிறந்திருக்கும். யாரிடம் கேட்டிருப்பான்? ஊர்க் கர்ணத்திடமும் மணியக்காரரிடமுந்தான். யாருக்கு எத்தனை காணி, எந்தச் சேரியில் எத்தனை ஆள் என்று அவர்கள் ஏட்டில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்த அந்தப் பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன. அந்த ஏட்டில் எந்தப் பெயர் முதலில் ஏறியிருக்கும்? மிராசுதாரின் மகன் பெயரா, பண்ணையாளின் மகன் பெயரா? விடை சொல்ல வரலாற்றுப் பேராசிரியர் வேண்டியதில்லை. சாதி என்பது ஒரு பழைய பட்டியல். புதிய ஆதிக்கக்காரன் வரும்போது அது அவனுக்காக எழுதி வைத்தாற்போல் தயாராக இருக்கும்.

இன்று பரம்பரைக் கர்ணம் இல்லை. ஆனால் பட்டியல்கள் பெருகியிருக்கின்றன. வருகைப்பதிவேடும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், வாக்காளர் பட்டியலும் ஆசிரியர்களாகிய நம் கையால் எழுதப்படுகின்றன. குழந்தைக்குக் கல்வி கிட்டவும் குடும்பத்துக்கு அரிசி கிட்டவும் அந்த ஏடுகள் வேண்டும். அவற்றை வெறுக்கச் சொல்லவில்லை. அதே ஏடு வேறொருவன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எழுதுகிறவன் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத் தருவதற்கே ஆதிக்க நாடகம் பயன்பட வேண்டும்.

நம் இளைஞரிடையே நாடகம் எழுதும் ஆர்வமுள்ளோர் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது: பொருள் காத்துக் கிடக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானையும் பினாங்கையும் காட்டுகிறது. பகைவன் தெருவில் நுழையும்போது கடைக்காரன் கணக்கைப் பூட்டுவதும் மறுநாள் திறப்பதும் அந்த உலகத்து நடப்பு. மலேசியத் தமிழர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். நூல்கள் இருக்கின்றன. இவற்றின் அருகே வைக்கத்தக்க நாடகம் தமிழகத்துத் திரையில் எங்கே? மாமியார் மருமகள் சண்டைக்கு ஆயிரம் நாள் ஒதுக்கும் தொலைக்காட்சிகள், ஆயிரமாயிரம் தமிழர் மாண்ட பாதைக்குப் பத்து நாள் ஒதுக்கலாகாதா?

பெருஞ்செலவு வேண்டாம்; விமானமும் வெடிகுண்டும் வேண்டாம். ஒரு லயம், ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பெயர்ப் பதிவேடு. கிராணி, அவன் மனைவி, கங்காணி, தன் பெயர் ஏறிவிடுமோ என்று இரவில் வந்து நிற்கும் ஒரு தொழிலாளி. நாளைக் காலைக்குள் இருபது பெயர் எழுதியாக வேண்டும். பதினெட்டு எழுதியாயிற்று. மீதி இரண்டு? இந்த ஓர் இரவை மன்றத்து மேடையிலும் ஆடலாம், பள்ளி ஆண்டு விழாவிலும் ஆடலாம். ஜப்பானியன் மேடைக்கு வரவே வேண்டாம். அவன் அனுப்பிய தாள் வந்தால் போதும். பார்ப்பவன் யாரை ஏசுவது என்று தேடவேண்டியதில்லை. அந்த மேசையில் தன்னை உட்கார வைத்துப் பார்த்தால் போதும்.

எட்டப்பனை எரித்து விழாக் கொண்டாடுவது எளிது; எரிந்தவன் வேறொருவன், நாம் அல்லோம் என்று வீடு திரும்பலாம். பெயரின்றிப் புதைந்த பல்லாயிரவரின் உறவினர் நாம். அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தவர்களின் உறவினரும் நாமே. இரண்டு உறவையும் ஒப்புக்கொண்டு எழுதப்படும் நாடகம் ஒன்று தமிழில் வரட்டும். அதை எழுதும் தோழரை வரவேற்கக் காத்திருக்கிறோம்.